வேட்டையும் இடனறிதலும்

(பரமக்குடியில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, எத்தலைப்பில் என்று நான் வினவினேன். "உங்கள் விருப்பம் அம்மா" என்றார். விருப்பம் நமதே என்று விட்டுவிட்டால் பேச்சாளர்க்கு வரும் இடர்ப்பாடு பெரிது. பத்து நாள் எண்ணியும் தலைப்பு ஒன்று அகப்படவில்லை. அகப்படச் செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர். இப்போது கனடா நாட்டில் ஒண்டாரியோ மாநிலத்தில் வாழ்கிறார். ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். உடன் பணிபுரிவோர் இவரை மூஸ் வேட்டைக்கு அழைத்தார்களாம். அதற்குரிய இடத்தைத் தேரும் முறைபற்றி இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார்களாம். கேட்டு முடித்ததும் இவருக்கு ஓர் ஐயம் தோன்றியதாம்: "அம்மா, நம் இலக்கியத்தில் வேட்டை நிறைய வருகிறதே; வேட்டைக்கு இடம் பார்க்கும் முறையை எங்கேனும் சொல்லியிருக்கிறார்களா?"

அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நான், விடையோடு வேறு சிலவற்றையும் கண்டேன். அவற்றை உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம். வேட்டையைப் போற்றுவதற்காக நான் இங்கு வரவில்லை, தூற்றுவதற்காகவும் வரவில்லை. வேட்டைக்குரிய இடம் எது என்னும் வினாவுக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. விலங்கு கிடைக்கும் இடம் எது என்பது ஒன்று. விலங்கைக் கொள்ளத்தகும் இடம் எது என்பது மற்றொன்று. முன்னது பயன் பற்றியது. பின்னது அறம் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எப்படி முரண்படுகின்றன, அம்முரணை நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தனர், இன்று நம் மாவட்டத்து வயல்வெளியில் அது எவ்வடிவில் நிற்கிறது என்னும் மூன்று கூறுகளாக இவ்வுரையைப் பகுத்துக்கொள்கிறேன்.

இடனறிதல் என்னும் கலை

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். 48, 49, 50 ஆம் அதிகாரங்கள் அவை. ஆழ்ந்த நீரில் முதலை பிறவற்றை வெல்லும். நீரைவிட்டு நீங்கினால் பிற அதனை வெல்லும் என்பது இடனறிதல் காட்டும் காட்சி. வேலேந்திய வீரரைக் கோத்தெடுத்த களிறும் சேற்றில் கால் புதைந்தால் நரிக்கு இரையாகும் என்பது இன்னொரு காட்சி. இவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. எனினும் உவமைகள் விலங்குலகிலிருந்து வந்தவை என்பது எண்ணத்தக்கது. வேட்டுவன் அறிந்த உண்மையையே வள்ளுவர் வேந்தனுக்குப் பாடமாக்கினார் என்று கொள்வது பொருந்தும்.

இடத்தையும் உயிரையும் இணைத்துப் பார்ப்பது தமிழ் இலக்கணத்தின் அடித்தளம். தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணுங்கால், தெய்வம், உணவு என்பவற்றை அடுத்து மா, மரம், புள் ஆகியவற்றை வைத்தார். இன்ன நிலத்தில் இன்ன விலங்கு, இன்ன மரம், இன்ன பறவை, அங்கு வாழ்வோர்க்கு இன்ன தொழில் என்று வரையறுத்த இலக்கணம் அது. மருதத்தில் நாரையும் முல்லையில் மானும் முயலும் வருவது கற்பனையன்று, கண்டறிந்தது. எவ்விடத்தில் எது வாழும் என்பதை அறியாதவன் பாடவும் இயலாது, வேட்டையாடவும் இயலாது.

இனி, என் மாணவர் கேட்ட நேர்வினாவுக்கு வருகிறேன். வேட்டைக்கு இடம் பார்த்த செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் மிகத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். எயினர் குடியிருப்பைக் காட்டும் பகுதி அது. அந்நிலம் வறண்டது. மானின் அடிச்சுவடுகள் பதிந்து மயங்கிய வழிகள் அங்கு உள. வேட்டுவர் அச்சுவடுகளைப் பார்க்கின்றனர். நீரை விரும்பி விலங்கு வரும் என்பதை அறிந்து, நீர்நிலையின் அருகே குழி தோண்டி, நள்ளிரவில் அதனுள் ஒடுங்கியிருந்து, வளைந்த கொம்புடைய பன்றியின் வரவை எதிர்பார்க்கின்றனர். அவ்விரவு வேட்டை வாய்க்காதபோது பகலில் நாய்களோடு புறப்பட்டுப் புதர்களை அடித்து, வேலிபோல் வலைகளைத் தொடர்ந்து மாட்டி, முயல்களைத் தப்பாதவாறு வளைத்துப் பிடிக்கின்றனர். அவர்தம் குடிசை முன்றிலில், விளாமரத்து நிழலில், பழக்கிய பார்வை மான் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. காட்டு மானை அருகே ஈர்ப்பதற்கு அது கருவி.

சுவடு, நீர், மறைவிடம், காலம், ஈர்க்கும் கருவி, வாய்க்காவிடில் மாற்றுவழி என ஆறு செய்திகளும் ஒருங்கே அமைந்துள்ளன. இப்பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி நிலவியது. பிறகு அவர், "அம்மா, இங்கே இவர்கள் சொன்னதும் இதேதான்" என்றார்.

தொலைநாட்டுப் பெருமான்

மூஸ் என்பது மான் இனங்களிலேயே மிகப் பெரியது. முதிர்ந்த ஆண் 500 கிலோ எடைவரை வளரும், அதனினும் மிகுவதுண்டு. இதனைத் தமிழில் 'பெருமான்' என்று பெயர்க்கலாமா என அவர் கேட்டார். இறைவன் பெயரை வேட்டைப் பொருளாக்கிய பழி நமக்கு வேண்டா. மூஸ் என்றே இருக்கட்டும் என்று விடையளித்தேன்.

அது வாழுமிடம் குளிர்நாட்டுக் காடு. முதிர்ந்து அடர்ந்த காட்டைவிட, தீப்பற்றி எரிந்தோ வெட்டப்பட்டோ மீண்டும் துளிர்க்கும் காட்டை அது விரும்பும். அங்குதான் வாய்க்கு எட்டும் உயரத்தில் இளந்தளிர் கிடைக்கும். கோடையில் ஏரி, குளங்களில் கழுத்தளவு இறங்கி நீர்த்தாவரங்களை மேயும். நிலத்துத் தழையில் போதிய அளவு இல்லாத உப்புச்சத்து நீர்த்தாவரத்தில் உண்டு. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அதன் கூடற்காலம். அப்போது வேட்டைக்காரர் பூர்ச்சமரப் பட்டையைச் சுருட்டிய ஊதுகுழலால் பெண் மூஸின் குரலை எழுப்ப, ஆண் மூஸ் தேடி வரும். எயினர் முன்றிலில் கட்டிய பார்வை மானும் கனடாவின் பட்டைக்குழலும் ஒரே உத்தியின் இருவடிவங்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால், அங்கு விலங்கு நிற்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒண்டாரியோவில் காடுகளை வனவிலங்கு மேலாண்மைப் பிரிவுகளாகப் பகுத்து எண்ணிட்டுள்ளனர். வேட்டை உரிமம் பெற்றவரும், இன்ன பிரிவில், இன்ன காலத்தில், ஆணா பெண்ணா கன்றா, துப்பாக்கியாலா வில்லாலா என்று குறித்த அனுமதிச் சீட்டைப் பெற்றாகவேண்டும். 2021 முதல் இச்சீட்டுகள் புள்ளி முறையில் ஒதுக்கப்படுகின்றன. பல ஆண்டு காத்திருந்து புள்ளி சேர்த்தவர்க்கே மூஸ் மிகுந்த பிரிவின் சீட்டு கிட்டும். தனியார் நிலமாயின் உடையவர் இசைவு வேண்டும். அம்மண்ணின் தொல்குடியினர்க்கு உடன்படிக்கைகளின் வழி வந்த வேட்டையுரிமை தனியே உண்டு.

ஓர் உண்மையை இங்குக் கருதவேண்டும். மிகுதியாகக் கிடைக்கும் இடத்திற்கே போட்டி மிகுதி. போட்டி மிகுந்த இடத்திற்கே கட்டுப்பாடும் மிகுதி. பயனும் அறமும் முட்டிக்கொள்ளும் இடம் இதுவே. அயல்நாட்டார் அதனைச் சீட்டாலும் புள்ளியாலும் தீர்த்துக்கொண்டனர். நம்மவர் எவ்வாறு தீர்த்தனர்?

நீருண்ண வந்ததை

என் பாட்டனார் ஒரு வேட்டைப் பிரியர். முதுகுளத்தூர்ச் சாலையில் உள்ள ஒரு கண்மாய்க்கரை ஊர் எங்கள் ஊர். இளமையில் அவரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. காடை, கௌதாரி, முயல் இவையே அவர் வேட்டை. வனவுயிர்ச் சட்டம் வந்தபின் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். நான் கண்டது துப்பாக்கி இல்லாத பாட்டனாரைத்தான். ஆயினும் கதைகளுக்குக் குறைவில்லை.

சிறுமியாயிருந்த நான் ஒருநாள் அவரிடம், "கோடையில் ஊரணிக்குத்தான் எல்லாப் பறவையும் வருமே ஐயா, அங்கேயே உட்கார்ந்து சுட்டிருக்கலாமே" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "தண்ணி குடிக்க வந்ததை அடிக்கக் கூடாது ஆத்தா. அது நம்மளை நம்பி வந்தது" என்றார். எங்கே எளிதில் கிடைக்குமோ அங்கே எடுக்கக்கூடாது என்பது அவர் கொண்ட சட்டம். எந்த அரசிதழிலும் அது வெளிவந்ததில்லை.

பெரும்பாணாற்றுப்படை எயினர் நீர்க்கரையில் குழி தோண்டினர். என் பாட்டனார் நீர்க்கரையை விலக்கினார். எயினர்க்கு அது வயிற்றுப்பாடு. வரகும் நெல்லும் விளையா நிலம் அவருடையது. அவர் மகளிர் எறும்பு சேர்த்த புல்லரிசியைக் கரம்பை நிலத்தில் கிளறி எடுத்து உணவாக்கினர் என்று அதே பாட்டு கூறுகிறது. பாட்டனார்க்கோ வேட்டை பொழுதுபோக்கு. பசிக்கு வேட்டையாடுபவனும் பொழுதுக்கு வேட்டையாடுபவனும் ஒரே தராசில் நிறுக்கப்படலாகாது.

பசிக்கு வேட்டையாடியவரிடமும் வரம்பு இருந்தது என்பதற்குச் சேக்கிழார் சான்று. பெரியபுராணத்தில் திண்ணனார் கன்னிவேட்டைக்குச் செல்லும் பகுதியை எண்ணிப் பாருங்கள். வேடர்கள் விலங்குகளைச் சுற்றி வளைத்துக் கொன்று குவிக்கின்றனர். அவ்வெறியின் நடுவேயும் அவர்கள் யானைக்கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடி தளர்ந்த விலங்குகளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்று சேக்கிழார் எடுத்துரைக்கின்றார். கன்று, குட்டி, சூல் என்னும் இம்மூன்றையும் விலக்குவது இன்றைய மேலாண்மை நூல்கள் வகுக்கும் நெறிக்கு ஒத்தது. 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அதனை வேடர் ஒழுக்கமாகவே காட்டுகின்றார். அவ்வொழுக்கம் உடைய குலத்தில் தோன்றியவரே பின்னர்க் கண்ணப்பர் ஆனார்.

இனி, ஊரே கூடி இடத்தை விலக்கிய வரலாறும் நமக்கு உண்டு. வேடந்தாங்கல் என்னும் பெயரிலேயே வேடன் இருக்கிறான். ஆனால் அவ்வூரார் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைக் காத்தனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆங்கிலேயப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்கு ஏற்பு பெற்றனர். நம் அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில் வேட்டங்குடி இருக்கிறது. அப்பெயரின் முற்பகுதியும் வேட்டத்தையே நினைவூட்டுகிறது. அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வேடன் பெயர் கொண்ட ஊர்கள் பறவையின் புகலிடங்களாக மாறியது தமிழகத்தின் பெருமிதங்களுள் ஒன்று.

சட்டம் வந்த வழி

சட்டத்தின் வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம். தமிழகத்தில் வேட்டையை முறைப்படுத்திய முதல் முயற்சிகள் நீலகிரியில் தோன்றின. 1877இல் அங்கு வேட்டைச் சங்கம் அமைந்தது; 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அதன் நோக்கம் விலங்கின் நலமன்று, வேட்டைக்காரரின் நலமே. கண்டபடி சுட்டால் நாளை சுடுவதற்கு விலங்கு இராது என்பதை அவர்கள் உணர்ந்தனர். எனவே விலக்குக் காலமும் உரிமமும் வந்தன. தன்னலத்தில் தொடங்கியதாயினும், கடமானும் வரையாடும் அம்மலைகளில் எஞ்சி நிற்பதற்கு அவ்வரம்புகளும் ஒரு காரணம். அச்சங்கமே பின்னாளில் வனவுயிர்ப் பாதுகாப்புக்கான சங்கமாக மாறியது. நம் மாநில விலங்காகிய வரையாடு 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 எனக் கணக்கிடப்பட்டது.

பின்னர் 1912இல் இந்தியா முழுமைக்கும் காட்டுப்பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்திலும் உரிமம் பெற்று வேட்டையாடும் வழி முதலில் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்தது. அண்ணல் காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் இந்நாட்டில் விளையாட்டு வேட்டைக்குச் சட்டம் ஒப்பும் இடம் ஓரடியும் இல்லை. உயிர்க்கோ உடைமைக்கோ பயிர்க்கோ கேடு சூழும்போது, உரிய அலுவலரின் ஆணையின்பேரில் மட்டுமே விலங்கை அகற்றவோ கொல்லவோ இயலும்.

நம் மாவட்டத்தையே பாருங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989இல் பறவைகள் காப்பகங்கள் ஆயின. மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை என்று அவ்வரிசை நீண்டது. முன்னிரண்டும் 2022இலும், தேர்த்தங்காலும் சக்கரக்கோட்டையும் 2025இலும் உலக அளவில் சிறப்புடைய ஈரநிலங்கள் என்னும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நயினார்கோயில் பக்கத்துத் தேர்த்தங்கால் நமக்குக் கூப்பிடு தொலைவு. இவையெல்லாம் யாவை? நம் முன்னோர் வெட்டிய கண்மாய்கள். மழை பொய்க்கும் சீமையில் பறவை கூடும் நீர்க்கரைகள். பழைய எயினன் இன்று வந்து, பறவைக்கு வளமான இடம் எது என்று தேடினால் இக்கண்மாய்களையே காட்டுவான். வளம் மிக்க இடம் எதுவோ, அதுவே விலக்கப்பட்ட இடமாயிற்று. என் பாட்டனாரின் ஊரணி நியாயமும் இச்சட்டமும் ஒரே பொருளையே பேசுகின்றன.

புனமும் பொறியும்

இவ்வளவோடு என் உரையை முடித்திருந்தால் இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் இந்த அவையில் உழவர்கள் இருக்கிறீர்கள். "அம்மா, பறவை கிடக்கட்டும், பன்றிக்கு என்ன வழி?" என்று உங்களில் சிலர் உள்ளத்தில் கேட்பது என் செவியில் விழுகிறது.

கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரங்களில் சீமைக்கருவேல் மண்டிய இடங்களில் காட்டுப்பன்றிகள் தங்குகின்றன. இரவில் நிலக்கடலையையும் நெல்லையும் சோளத்தையும் உழுது போட்டுச் செல்கின்றன. ஓர் இரவு போதும், ஓராண்டு உழைப்பு போய்விடும். பழம்பாட்டில் தினைப்புனம் காத்த மகளிரைப் பற்றிக் களிப்போடு பாடம் நடத்துகிறோம். தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டிய அழகைச் சொல்கிறோம். என் வகுப்பிலேயே புனம் காக்கும் பெண்கள் இருந்ததை நான் நெடுநாள் அறியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி நாள்தோறும் தாமதமாக வருவாள். கண் சிவந்திருக்கும். ஒருநாள் கடிந்துகொண்டேன். இரவெல்லாம் தந்தையோடு கடலைக்காட்டில் தகரம் தட்டிவிட்டு, விடிந்தபின் பேருந்து ஏறி வருவதாகச் சொன்னாள். நான் நாணினேன். அதன்பின் அவள் தாமதத்தை நான் பொருட்படுத்தியதில்லை.

அவ்வாண்டு அறுவடைக்குச் சில நாள் முன்பு அவள் தந்தை இறந்தார். பக்கத்து நிலத்துக்காரர் பன்றிக்கு அஞ்சி வரப்போரம் கம்பி இழுத்து, மின்சாரத்தை நேரே அதில் பாய்ச்சியிருந்தார். இருட்டில் நடந்த இவர் கால் அதில் பட்டது. கம்பி இழுத்தவர் கொடியவர் அல்லர். அதே பன்றியால் முன்னாண்டு பயிர் இழந்தவர். இறந்தவரோடு ஒரே தேநீர்க்கடையில் அமர்ந்து பேசியவர். அவர் சிறை சென்றார். இரண்டு வீடுகள் ஒரே இரவில் இருண்டன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வகுப்புக்கு வந்தாள். அன்று நான் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். கூத்தர்க்கு வழிசொல்லும் பகுதி. விளைந்த புனத்தைப் பன்றி அழிப்பதற்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் பெருங்கல் பொறிகளை மாட்டி வைத்திருக்கிறார்கள்; ஆகவே அவ்வழியில் இருளில் செல்லாதீர்கள், தங்கியிருந்து விடிந்தபின் செல்லுங்கள் என்று பெருங்கௌசிகனார் எச்சரிக்கும் இடம். இருபது ஆண்டுகளாக அவ்விடத்தை வழக்கமான வழிக்குறிப்பு என்று நான் விரைந்து கடந்திருக்கிறேன். அன்று அவள் எழுந்து நின்றாள். "அம்மா, அந்தக் காலத்தில் பொறி இருக்கும் இடத்தைச் சொல்லி வைத்தார்கள். என் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லையே" என்றாள்.

வகுப்பு முழுதும் அமைதியாயிற்று. நான் கற்ற உரைகள் எவற்றிலும் அவ்வினாவுக்கு விடை இல்லை.

அதன்பின்பே நற்றிணையைப் புதுக்கண்ணோடு படித்தேன். பெருங்குன்றூர் கிழார் பாடிய 119ஆம் பாட்டில், தினையை உண்ணவரும் பன்றிக்காகப் புனவன் வைத்த கற்பொறியில் வலிய புலி வீழ்கிறது. ஒன்றுக்கு வைத்த பொறி மற்றொன்றை வீழ்த்தும் என்பதைப் புலவர் கண்டிருக்கிறார். உக்கிரப்பெருவழுதி பாடிய 98ஆம் பாட்டிலோ, புனத்துக்குள் நுழையவந்த பன்றி, பக்கத்தில் பல்லி ஒலித்ததும் மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்கே திரும்புகிறது. பன்றிக்கும் ஒரு நிமித்தம் கிடைத்தது. என் மாணவியின் தந்தைக்கு ஒரு விளக்கும் கிடைக்கவில்லை. ஓர் அறிவிப்பும் கிடைக்கவில்லை.

நம் முன் உள்ள வழி

2025 ஜனவரியில் தமிழக அரசு இச்சிக்கலுக்கு ஒரு முறையை அறிவித்தது. அதுவும் இடத்தை அடிப்படையாகக் கொண்டதே. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர்வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை, உரிய நடைமுறைக்குப் பின், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். காடு பன்றியின் வீடு. வயல் மனிதனின் வாழ்வு. இரண்டுக்கும் இடையே ஒரு பொது எல்லை என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். திணையும் திணைமயக்கமும் அறிந்த தமிழர்க்கு இப்பகுப்பு புதிதன்று.

ஆயினும் இரண்டு செய்திகளை நாம் மறக்கலாகாது. முதலாவது, அவ்வுரிமை வனத்துறையினர்க்கு உரியது, நிலத்துக்காரர்க்கு உரியதன்று. காப்புக்காடு குறைந்த நம் மாவட்டத்தில் 3 கிலோமீட்டருக்கு அப்பாற்பட்ட வயல்கள் பல இருக்கலாம். அதனால் யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று பொருளாகாது. இரண்டாவது, மின்கம்பியும் நாட்டு வெடியும் எவ்விடத்திலும் குற்றமே. காப்புக்காடுகளை அடுத்த நிலங்களில் சூரிய ஆற்றல் வேலி அமைப்பதற்கும் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று 2023இல் விதிகள் வந்துள்ளன.

முறையீடு எழுதத் தெரியாமல், அலைவதற்கு அஞ்சி, நம் உழவர் பலர் வாளாவிருக்கின்றனர். வாளாவிருப்பவர் ஒருநாள் கம்பியைக் கையில் எடுக்கின்றனர். கல்வி கற்றோர் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் இலக்கிய வட்டத்தில் ஆசிரியர்கள் இருக்கிறோம், வழக்கறிஞர்கள் இருக்கிறோம், அரசு ஊழியர்கள் இருக்கிறோம். பயிர் அழிந்த உழவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் உடன்சென்று நிற்பதும், சீமைக்கருவேல் புதரை அகற்ற ஊராரைத் திரட்டுவதும் தமிழ்த்தொண்டு ஆகாவா? பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் மாதந்தோறும் கவியரங்கு நடத்தட்டும். மாதத்தில் ஒருநாள் இப்பணிக்கும் ஒதுக்கட்டும். இது என் வேண்டுகோள்.

நிறைவாக

யானைவேட்டைக்குச் சென்றவன் யானையைப் பெறுதலும் உண்டு. குறும்பூழ் பிடிக்கச் சென்றவன் வெறுங்கையோடு திரும்புதலும் உண்டு என்று வடக்கிருந்தபோது பாடினான் கோப்பெருஞ்சோழன். உயர்ந்ததையே குறிக்கொள் என்பது அவன் கருத்து. காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைக் குறித்துத் தப்பிய வேல் இனிது என்றார் வள்ளுவரும். இவ்விருவரும் வேட்டையின் பயனைக் கையில் கிடைத்த பொருளால் அளக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

என் கனடா மாணவர் அதன்பின் மீண்டும் அழைத்தார். இவ்வாண்டு சீட்டு கிடைக்கவில்லையாம். நண்பர்களோடு ஏரிக்கரை ஒன்றில் விடியற்காலையில் அமர்ந்திருந்தாராம். தாயும் கன்றுமாக இரண்டு மூஸ்கள் நீரில் இறங்கி மேய்ந்து, கரையேறிச் சென்றனவாம். "பார்த்துக்கொண்டே இருந்தோம் அம்மா" என்றார். நீருண்ண வந்ததை அடிக்கலாகாது என்ற என் பாட்டனார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த மாணவி பட்டம் பெற்றுவிட்டாள். இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அவள் தன் வகுப்பில் மலைபடுகடாம் நடத்தும்போது அவ்விடத்தை விரைந்து கடக்கமாட்டாள் என்பதை நான் அறிவேன். நானும் இப்போது கடப்பதில்லை. எங்கே கொள்ளலாம் என்பதை அறிவது திறமை. எங்கே கொள்ளலாகாது என்பதை அறிவது பண்பு. எங்கே பொறி இருக்கிறது என்று வழிப்போக்கனுக்குச் சொல்லிவைப்பது மனிதம். இம்மூன்றும் சேர்ந்ததே இடனறிதல்.